ஓவன் இல்லாமல் கிறிஸ்துமஸ் சாக்லேட் இனிப்புகள்: வாசகர் கேள்விகள்

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அடுப்பும் ஃப்ரிட்ஜும் மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய சாக்லேட் இனிப்புகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். 1 கப் என்றால் 240 மி.லி., 1 டேபிள்ஸ்பூன் 15 மி.லி., 1 டீஸ்பூன் 5 மி.லி. சாக்லேட்டை மட்டும் கப்பில் அளக்க வேண்டாம்; தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். துண்டு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து ஒரு கப்பின் எடை நிறைய மாறும்.

எங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்கு மாலை 5 மணிக்கு விருந்து. கோயில் மண்டபத்தில் ஏ.சி.யும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. இனிப்பு எட்டு மணி வரை மேசையில் இருக்கும். எதைச் செய்தால் உருகாது?
*வாசகி, நாகர்கோவில்*

முதலில் எதை விடுவது என்று பார்ப்போம். கிரீம் சேர்த்த ட்ரஃபிள் உருண்டை, நுரைபோல அடித்த மூஸ், கோக்கோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட்டில் தோய்த்த எதுவும் மூன்று மணி நேரம் அங்கே தாங்காது. அசல் சாக்லேட் 30 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கி, 34 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தில் டிசம்பரிலும் அந்தச் சூடு இருக்கும்.

உங்களுக்கு ஏற்றது பிஸ்கட் உருண்டை. அதில் உருண்டையைப் பிடித்து நிறுத்துவது பிஸ்கட் தூளும் கண்டென்ஸ்டு மில்க்கும்தான். உருகி வழியும் அளவுக்கு அதில் வெண்ணெய் இல்லை. ஆளுக்கு இரண்டு வீதம் 60 உருண்டைக்கு மேரி பிஸ்கட் 450 கிராம், இனிப்பில்லாத கோக்கோ பவுடர் 45 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 340 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை.

பிஸ்கட்டில் பாதியை மிக்ஸியில் மாவாகவும் மீதியை ரவை பதத்திலும் பொடியுங்கள். எல்லாமே மாவாகிவிட்டால் உருண்டை பல்லில் அப்பும். எல்லாமே கரகரப்பாக இருந்தால் பிடிக்கும்போதே உதிரும். வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே கோக்கோவைக் கொட்டிக் கலக்குங்கள். இந்த ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோக்கோவை உலர்ந்தபடியே பிஸ்கட்டோடு சேர்த்தால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. சூடான வெண்ணெயில் ஊறினால்தான் அதன் மணமும் நிறமும் வெளியே வரும். பிறகு கண்டென்ஸ்டு மில்க், உப்பு, கடைசியில் பிஸ்கட் தூள்.

பிசைந்ததும் மாவு கையில் ஒட்டும். உடனே இன்னும் பிஸ்கட் போடாதீர்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாக இறுகும். அதன் பிறகும் ஒட்டினால் மட்டும் ஒரு பிஸ்கட்டைப் பொடித்துச் சேருங்கள். உருட்டும்போது வெடித்தால் ஒரு டீஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் போதும். பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது சுமார் 15 கிராம், உருட்டி சாக்லேட் வெர்மிசெல்லியிலோ கடையில் விற்கும் உலர் தேங்காய்த் துருவலிலோ புரட்டுங்கள். பச்சைத் தேங்காய்த் துருவல் வேண்டாம். காலையில் புரட்டினால் மாலைக்குள் சளித்துவிடும். முந்தைய நாள் இரவே செய்து காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் போதும்.

உருக்கிய சாக்லேட் கெட்டியாக இருந்தது. இளக்குவதற்கு ஒரு ஸ்பூன் பால் விட்டேன். அடுத்த நிமிடமே களிமண் மாதிரி இறுகிவிட்டது. பால் திரிந்துவிட்டதா? காப்பாற்ற முடியுமா?
*வாசகி, கோயம்புத்தூர்*

பால் திரியவில்லை. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய சர்க்கரை, கோக்கோ துகள்கள். அதில் ஈரமே கிடையாது. ஒரு ஸ்பூன் நீர் உள்ளே போனதும் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சொட்டு நீர்தான் ஆபத்து. தாராளமாக நீர் இருந்தால் சர்க்கரை கரைந்து மறுபடி இளகிவிடும். 100 கிராம் சாக்லேட்டுக்குக் குறைந்தது 2 டேபிள்ஸ்பூன் திரவம் இருந்தால் இறுகாது.

ஆகவே கட்டியானதைத் தூக்கி எறியாதீர்கள். சூடான பாலை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக விட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். முதல் ஸ்பூனில் இன்னும் மோசமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மூன்றாவது, நான்காவது ஸ்பூனில் பளபளப்பான சாஸாக மாறிவிடும். அது இனி மோல்டில் ஊற்றவோ மேலே பூசவோ ஆகாது. புட்டிங்குக்கும் ஐஸ்கிரீம் மேல் ஊற்றவும் அருமையாக இருக்கும்.

பூசுவதற்காக இளக்க வேண்டுமென்றால் 100 கிராமுக்கு 1 டீஸ்பூன் வாசனையில்லாத ரீஃபைண்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். பால், தண்ணீர், திரவ எசென்ஸ் எதுவும் கூடாது.

ஈரம் வேறு வழிகளிலும் வந்து சேரும். கழுவித் துடைத்தது போலத் தெரியும் மரக்கரண்டி உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். சிலிக்கான் கரண்டியோ எவர்சில்வர் ஸ்பூனோ எடுங்கள். பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு மேலே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. விளிம்பில் ஆவி வெளியேறும் இடைவெளியும் இருக்கக்கூடாது. கிண்ணத்தை இறக்கியதும் அதன் அடியைத் துணியால் துடைத்த பிறகே சாய்த்து ஊற்றுங்கள். அடியில் தொங்கும் அந்த நாலு சொட்டு மோல்டில் விழுந்துதான் பல வீடுகளில் வேலை கெடுகிறது.

மைக்ரோவேவ் இருந்தால் பாதி பவரில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கலக்கி, மறுபடி 30 விநாடி. துண்டுகள் உருகிய பிறகும் வடிவம் மாறாமல் அப்படியே நிற்கும், கலக்கினால்தான் தெரியும். அதை நம்பாமல் நேரத்தைக் கூட்டினால் நடுவில் கருகும். கருகியதை மீட்க வழியில்லை.

டார்க் சாக்லேட் பார் உருக்கி மோல்டில் ஊற்றினேன். மறுநாள் மேலே வெள்ளை பூத்திருந்தது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பூஞ்சைக் காளானா?
*வாசகர், சென்னை*

பூஞ்சை அல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளை பூப்பதில் இரண்டு வகை உண்டு. விரலால் தேய்த்ததும் உருகி மறைந்தால் அது மேலே எழும்பி வந்த கொழுப்பு. சொரசொரவென்று மறையாமல் நின்றால் சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட் வியர்த்து, அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து காய்ந்ததால் வந்தது.

விரலில் ஒட்டுகிறது என்பதால் உங்களுடையது முதல் வகை. பட்டியலில் 'கோக்கோ வெண்ணெய்' என்று இருக்கும் சாக்லேட்டை உருக்கி அப்படியே ஊற்றினால் கொழுப்பு தாறுமாறாகப் படிகமாகும். அதை ஒழுங்குபடுத்துவதே டெம்பரிங். 300 கிராம் டார்க் சாக்லேட்டில் 200 கிராமை 45 முதல் 48 டிகிரி வரை சூடாக்கி உருக்குங்கள். இறக்கி, மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கலக்குங்கள். நறுக்கிப் போட்ட சாக்லேட்டில் உள்ள நல்ல படிகங்கள் தயிருக்கு விடும் உறைமோர்போல வேலை செய்து மற்றதையும் தம் வழிக்கு இழுக்கும். கத்தி நுனியில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் ஊற்றலாம். மில்க் சாக்லேட்டுக்கு 45 டிகிரியைத் தாண்டாமல் உருக்கி, 29, 30 டிகிரிக்கு இறக்க வேண்டும். உணவுக்கான தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் சரியாகச் செய்வது கடினம். அறையும் 22 டிகிரி அளவில் இருக்க வேண்டும் என்பதால், சென்னையில் ஏ.சி. அறையில் செய்வதே நல்லது.

அவ்வளவு பாடு வேண்டாம் என்றால் கம்பவுண்டு சாக்லேட் வாங்குங்கள். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனைவகை எண்ணெய்க் கொழுப்பு சேர்த்திருப்பதால் டெம்பரிங் தேவையில்லை. உருக்கி ஊற்றி, 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தட்டியதும் மோல்டிலிருந்து விழும். சுவையில் அசல் சாக்லேட்டுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். அதனால் கொட்டை, கார்ன்ஃபிளேக்ஸ் சேர்ப்பவற்றுக்குக் கம்பவுண்டு, சாக்லேட் சுவையே பிரதானமானவற்றுக்கு அசல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிக்கனம் கருதி இரண்டையும் கலப்பது மட்டும் வேண்டாம். இரு கொழுப்புகளும் ஒத்துப்போகாமல் சாக்லேட் இளகலாகவே நிற்கும், சீக்கிரமே வெள்ளையும் பூக்கும்.

விருந்துக்கு வருபவர்களில் சிலர் சுத்த சைவம். சாக்லேட் இனிப்பில் கவனிக்க என்ன இருக்கிறது?
*வாசகி, திருச்சி*

மார்ஷ்மெல்லோ முதல் சந்தேகம். பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றி முதலியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று பாருங்கள். மேலே தூவும் வண்ண மணிகளில் ஐ.என்.எஸ். 120 (பட்டியலில் சேர்க்கைப் பொருளுக்குப் போடும் எண்) என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவது. பளபளப்புக்குப் பூசும் 904 அரக்கு, அதுவும் பூச்சியிலிருந்து வருவதே. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாக்கெட்டில் இந்திய முத்திரை இருக்காது என்பதால் பட்டியலைப் படிக்காமல் பரிமாறாதீர்கள்.

நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) சொக்லேட் பிஸ்கட் புடிங் செய்யும்போது பட்டர் கிரீம் மணல் மாதிரி நறநறக்கிறது. பிஸ்கட்டும் சில இடத்தில் கூழ், சில இடத்தில் கல். எங்கே பிழை?
*வாசகி, யாழ்ப்பாணம்*

இலங்கையில் நத்தார் மேசையிலும் மற்ற விருந்துகளிலும் இருக்கும் இனிப்பு இது. தமிழ்நாட்டு வாசகர்களும் செய்து பார்க்க வேண்டியது என்பதால் முழு அளவையும் தருகிறோம்.

20 செ.மீ. சதுரப் பாத்திரத்துக்கு மேரி பிஸ்கட் 250 கிராம், உப்பில்லாத பட்டர் 125 கிராம், ஐசிங் சீனி 200 கிராம், கோக்கோ 50 கிராம், வறுத்து நறுக்கிய கஜு (முந்திரி) 75 கிராம், கோக்கோ கரைக்க 5 டேபிள்ஸ்பூன் கொதிக்கும் பால், பிஸ்கட் தோய்க்க ஒரு கப் ஆறிய பால்.

நறநறப்புக்குக் காரணம் பெரும்பாலும் சீனி. வீட்டு மிக்ஸியில் அரைத்த சீனி கைக்கு மாவாகத் தெரிந்தாலும் நாக்குக்கு மணல். கடை ஐசிங் சீனியையே இரண்டு முறை சலித்துப் போடுங்கள். அரைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் 200 கிராம் சீனியோடு 2 டீஸ்பூன் சோளமாவு சேர்த்து, இடையிடையே நிறுத்தி அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். அடுத்த காரணம் குளிர்ந்த பட்டர். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெயாக மினுங்கக்கூடாது. அந்தப் பதத்தில் பட்டரை மட்டும் நான்கைந்து நிமிடம் வெளுக்கும்வரை அடித்து, சீனியை மூன்று தடவையாகச் சேருங்கள். கொதிக்கும் பாலில் குழைத்த கோக்கோ நன்றாக ஆறிய பிறகே கிரீமில் சேர வேண்டும். இளஞ்சூட்டோடு சேர்த்தாலும் பட்டர் உருகி கிரீம் தளர்ந்துவிடும். சிலர் பச்சை முட்டை சேர்ப்பார்கள். வேகாத முட்டையில் சால்மனெல்லா கிருமி இருக்கக்கூடும். பிள்ளைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் விருந்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். முட்டை இல்லாமலே கிரீம் நன்றாக நிற்கும்.

பிஸ்கட்டைப் பாலில் போட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். கையில் எடுக்கும்போது இன்னும் விறைப்பாகவே இருக்கட்டும். மிச்ச ஈரத்தைக் கிரீமிலிருந்து இழுத்து இரவோடிரவாக கேக் போல மெத்தென்றாகும். பால் சூடாக இருந்தால் எண்ணும் முன்பே கூழாகிவிடும். கல்லாக நின்ற இடங்களில் கிரீம் முழுதாகப் படவில்லை என்று அர்த்தம். ஓரத்துப் பிஸ்கட்டுகளை உடைத்து இடைவெளியை நிரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் விளிம்புவரை கிரீமைத் தடவுங்கள். குறைந்தது 8 மணி நேரம் குளிரட்டும்.

ட்ரஃபிளுக்குக் கலந்த கலவையில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. கிரீம் சரியில்லையா?
*வாசகி, மதுரை*

கிரீமைக் குறை சொல்ல வேண்டாம். சூடு கூடினாலும், கொழுப்பு கூடினாலும் கலவை பிரியும். 1 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை விட்டு, நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கலக்குங்கள். தேவைப்பட்டால் இன்னொரு ஸ்பூன். பிரிந்தது சேர்ந்து மினுமினுப்பு திரும்பும்.

அடுத்த முறைக்கு: டார்க் சாக்லேட் 200 கிராமை துவரம்பருப்பு அளவுக்கு நறுக்குங்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் 100 மி.லி.யை ஓரத்தில் குமிழ் விடும்வரை மட்டும் சூடாக்கி, சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கரண்டி போடாமல் விட்டு, பிறகு கலக்குங்கள். மில்க் சாக்லேட் என்றால் அதே கிரீமுக்கு 250 கிராம், வெள்ளைச் சாக்லேட் என்றால் 300 கிராம். இந்த விகிதம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போடுவதால்தான் பலருக்கு உருண்டை பிடிக்க வருவதில்லை. இரண்டு மணி நேரம் குளிர்ந்ததும் உருட்டிக் கோக்கோவில் புரட்டலாம். 20 உருண்டைக்கு மேல் வரும். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் இருக்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்குக் கோதுமை ஒவ்வாமை. பிஸ்கட் இல்லாமல் என்ன செய்யலாம்?
*வாசகர், திண்டுக்கல்*

பிரேசில் நாட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்து என்றால் பிரிகதெய்ரோ என்ற சாக்லேட் உருண்டை இல்லாமல் இருக்காது. கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், கோக்கோ 3 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், இவ்வளவுதான். கோக்கோவைச் சலித்து, அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கலந்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அடிப்பாத்திரம் தெரிந்து இரண்டு விநாடி மூடாமல் நிற்கும். பால்கோவா கிளறிப் பழகியவர்களுக்கு இந்தப் பதம் கைக்குத் தெரியும். சீக்கிரம் இறக்கினால் உருண்டை தட்டையாகப் பரவும். அதிகம் போனால் ஆறியதும் டாஃபி போல இழுக்கும். வெண்ணெய் தடவிய தட்டில் ஆறவிட்டு, கையிலும் வெண்ணெய் தடவி உருட்டுங்கள். மேலே தூவுவதற்கு வாங்கும் வெர்மிசெல்லியின் பட்டியலிலும் கோதுமை இல்லையா என்று பார்த்துவிடுங்கள்.

சைனா கிராஸ் போட்டு சாக்லேட் புட்டிங் செய்தேன். உள்ளே கண்ணாடித் துண்டு மாதிரி கட்டிகள்.
*வாசகி, தூத்துக்குடி*

கரைந்த சைனா கிராஸில் ஆறிய பாலை விட்டிருப்பீர்கள். அது 35, 40 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். குளிர்ந்த பால் பட்ட இடமெல்லாம் கட்டியாகிவிடும். இரண்டும் சூடாகவே சேர வேண்டும்.

10 கிராம் சைனா கிராஸை ஒரு கப் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அதே தண்ணீரில் இழை ஒன்றுகூடத் தெரியாதபடி கொதிக்கவிடுங்கள். இன்னொரு அடுப்பில் அரை லிட்டர் பால் கொதிக்கட்டும். சர்க்கரை 100 கிராமோடு 3 டேபிள்ஸ்பூன் கோக்கோவை உலர்ந்தபடியே கலந்து பாலில் சேர்த்தால் கோக்கோ கட்டி தட்டாது. இரண்டையும் சேர்த்து ஒரு கொதி விட்டு, வடிகட்டி, சூட்டிலேயே 50 கிராம் நறுக்கிய சாக்லேட்டைக் கரைத்துக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். கட்டி விழுந்துவிட்டாலும் கவலையில்லை, மறுபடி சூடாக்கிக் கரைத்து ஊற்றினால் நன்றாகவே உறையும். உறைந்த பிறகு நம் ஊர் வெயிலில் இது உருகாது. ஆனால் பால் சேர்ந்தது என்பதால் கெடும், பரிமாறும்வரை குளிரிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளே செய்யக்கூடியது ஏதாவது? ரம் எசென்ஸ் சேர்க்கலாமா?
*வாசகி, புதுச்சேரி*

உருக்கிய கம்பவுண்டு 200 கிராம், கார்ன்ஃபிளேக்ஸ் 2 கப், உலர் திராட்சை ஒரு கைப்பிடி. உருக்குவது பெரியவர்கள் வேலை. கலந்து, பட்டர் பேப்பரில் ஸ்பூன் ஸ்பூனாக வைப்பது பிள்ளைகள் வேலை. சாக்லேட் வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு கார்ன்ஃபிளேக்ஸைப் போட்டால் மொறுமொறுப்பு நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு பாதாம், முழு வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

எசென்ஸ் இரண்டு சொட்டு சேர்ப்பதானால், உருக்கிய சாக்லேட் இல்லாததால் இறுகிவிடாத பிஸ்கட் உருண்டையில் சேருங்கள். அசல் ரம் சேர்த்த உருண்டைகளைத் தனித் தட்டில், தனி நிறத் தூவலோடு வையுங்கள். அடுப்பில் வேகாத இனிப்பு என்பதால் போட்ட ரம் முழுக்க அப்படியே இருக்கும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுப்போம். கல்கல், அச்சு முறுக்கோடு சாக்லேட்டையும் சேர்த்து வைக்கலாமா?
*வாசகி, வேலூர்*

ஒரே தட்டில் கொடுங்கள், ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். சாக்லேட் பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். முறுக்கின் எண்ணெய் வாடை ஒரே இரவில் ஏறிவிடும். அச்சு முறுக்கும் பிஸ்கட் உருண்டையின் ஈரத்தில் நமுத்துப் போகும்.

சாக்லேட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வியர்ப்பதெல்லாம் டப்பாவின் வெளிப்புறத்தோடு போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் காகிதக் கப்பில் வைத்து, தட்டு மூடும் சமயத்தில் ஓரமாக அடுக்குங்கள். வெகுதூரம் போவதானால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி அடியில் வைத்து, அதன்மேல் அட்டை போட்டு, பிறகு டப்பா. ஐஸ் பேக் டப்பாவை நேராகத் தொட்டால் அந்தப் பக்கத்துச் சாக்லேட் மட்டும் வியர்த்து மறுநாள் வெள்ளை பூத்திருக்கும்.